கண்காட்சியில் பார்த்த மரவேலை மெசின்கள்: வன்னிப் பட்டறைக்காரர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடந்த கட்டட, தளபாடக் கண்காட்சிக்கு இரண்டு நாள் போய் வந்தேன். வந்த நாளில் இருந்து பரந்தனில் இருக்கிற எங்கள் பட்டறைக்கு யாராவது வந்து, தேத்தண்ணி குடித்து, முதல் நாள் வேறொருவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். போனிலும் அதே கதைதான். சொல்லிச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் எந்தக் கொம்பனிக்கும் ஏஜென்ட் இல்லை. நிலை, கதவு, யன்னல், இடைக்கிடை பான்ட்ரி அலுமாரி, இவைதான் என் வேலை. அதற்குத் தோதான கண்ணோடுதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அண்ணை, கண்காட்சிக்குப் பையில் மரக்கட்டை கொண்டுபோனது உண்மையோ?

உண்மை. பாலையில் ஒரு அடித் துண்டு, முதிரையில் ஒரு துண்டு. வாசலில் பையைச் சோதித்த பொடியன் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டான்.

காரணம் சொல்கிறேன். இப்படியான இடங்களில் மேசைக்கு மேலே வைத்து வெட்டிக் காட்டுவது பைன், இல்லாவிட்டால் றப்பர் மரம். பைனில் எந்த மெசினும் வாழைத்தண்டு அரிகிற மாதிரித்தான் போகும். பாலை அப்படியில்லை. பைனைப் போல இரண்டு மடங்கு பாரம், தண்ணியில் போட்டால் தாழ்ந்துவிடும், பழைய பாலை மரத்தில் ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். எங்கள் ஊர் நிலைக்கு எதை வெட்டப் போகிறோமோ அதை வெட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பது, மாட்டைப் பார்க்காமல் கயிற்றுக்கு விலை பேசுகிற வேலை.

ஐந்து கடையில் கேட்டேன். இரண்டு பேர் ‘மனேஜர் வரட்டும்’ என்றார்கள், மனேஜர் வரவே இல்லை. மூன்று பேர் சந்தோசமாக வெட்டினார்கள். 18 வோல்ட் பற்றறி வட்ட வாள் ஒன்று பாலைக்குள் பாதி போனதும் நின்றுவிட்டது, சிவப்பு லைட் மினுங்கியது. அது மெசினின் பிழை இல்லை, சூடு கூடினால் உள்ளே இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் தானே நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும். 36 வோல்ட் வாள் வெட்டி முடித்தது, ஆனால் கருகல் மணம் வந்தது; பார்த்தால் 60 பல் அலகு போட்டிருந்தார்கள். நீளப்பாட்டுக்குக் கிழிப்பதற்கு 24 பல் போதும். மூன்றாவது கடையில் கறன்டில் ஓடுகிற சாதாரண 7 இஞ்சி வாள். சத்தம் ஊரைக் கூட்டியது, கட்டை இரண்டாக விழுந்தது.

18 வோல்ட் நல்லதோ, 20 வோல்ட் நல்லதோ?

இரண்டும் ஒன்று. உள்ளே ஐந்து செல் தொடராக இருக்கும். ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஏறின கையோடு 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், வேலை செய்கிறபோது சராசரி 3.6 வோல்ட்தான். ஐந்தை நாலால் பெருக்கினால் 20, 3.6-ஆல் பெருக்கினால் 18. எந்த எண்ணைப் பெட்டியில் அடிக்கிறது என்பது விற்கிறவரின் விருப்பம். அதே மாதிரி 40 வோல்ட் என்று எழுதியிருப்பதும் 36 வோல்ட்தான், பத்து செல். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் ‘20 வோல்ட் பவர் கூட’ என்று சொல்லி 18-ஐ வைத்துவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை. இப்போது கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

பார்க்க வேண்டியது வோல்ட்டையும் அம்பியர் மணியையும் பெருக்கி வருகிற எண். 18 வோல்ட் 5 அம்பியர் மணி பற்றறி என்றால் 90 வாட் மணி. 18 வோல்ட் 2 அம்பியர் மணி என்றால் 36 மட்டும். பெட்டியோடு சும்மா தருகிற பற்றறி பெரும்பாலும் இந்தச் சின்னன்தான்.

பற்றறி மெசின் வாங்கினால் ஒரு நாள் வேலைக்குக் காணுமோ?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. திருகாணி பூட்ட, பிணைச்சல் போட, கதவு தொங்கவிட, சீலிங் அடிக்க ஒரு 5 அம்பியர் மணிப் பற்றறி அரை நாளைக்கு மேல் தாராளமாக நிற்கும். பிளானர் பிடித்துப் பலகை இழைக்கப் போனால் கணக்கு வேறு. இழைக்கிறபோது பிளானர் 500 வாட் இழுக்கிறது என்று வையுங்கள், 90 வாட் மணி 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பதினொரு நிமிடம் இழைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று பற்றறி இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் பற்றறியின் விலையைக் கேட்டால் மெசினே மலிவாகத் தெரியும்.

நான் பற்றறிப் பக்கம் போனதே 2022-இல்தான். அந்தப் பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறன்ட் இல்லாமல் கிடந்தோம், ஞாபகம் இருக்கும். பட்டறையில் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததைப் பார்க்க முடியாமல் கடன்பட்டு ஒரு ட்றில்லும் ஒரு சின்ன வாளும் வாங்கினேன். ட்றில் இன்றைக்கும் வேலை செய்கிறது. வாள் எப்போதாவது.

இன்னொன்று, வெக்கை. பற்றறியைப் பட்டா வாகனத்தின் (சின்ன லொறி) முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு நெடுங்கேணி வரைக்கும் போய் வருகிற ஆட்களைத் தெரியும். சித்திரை வெயிலில் அது பற்றறியைக் கொல்லுகிற வேலை. வேலை முடிந்து கை பொறுக்காத சூட்டில் இருக்கிற பற்றறியை உடனே சார்ஜரில் போடவும் கூடாது. நல்ல சார்ஜர் ஆறும்வரை ஏற்றாது, மலிவு சார்ஜர் ஏற்றித் தொலைக்கும்.

பிரஸ் இல்லாத மோட்டார் என்கிறார்களே, அதுதானே இப்ப நல்லது?

நல்லதுதான், ஆனால் ஊரைப் பார்த்து எடுக்க வேண்டும். பழைய மோட்டாரில் காபன் பிரஸ் இரண்டு உரசி உரசி, நடுவில் சுற்றுகிற சுருளான ஆமேச்சருக்குக் கறன்ட் கொடுக்கும். உரசுவதால் சூடும் பொறியும் வரும், பிரஸும் தேயும். புதியதில் காந்தம் சுற்றும், சுருள் அசையாமல் நிற்கும், எந்தச் சுருளுக்கு எப்போது கறன்ட் போக வேண்டும் என்பதை ஒரு போர்ட் தீர்மானிக்கும். உரசல் இல்லை, அதனால் அதே பற்றறியில் கூட நேரம் ஓடும், சூடும் குறைவு.

சரி, பழுதானால்? பிரஸ் தேய்ந்தால் கிளிநொச்சிக் கடையில் ஒரு சோடி வாங்கிப் பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றலாம். ஆமேச்சர் எரிந்தால் வைண்டிங் செய்கிறவர்கள் எங்கள் டவுனிலேயே இருக்கிறார்கள். போர்ட் எரிந்தால் கொழும்புதான், அதுவும் அந்த மாதிரிக்குப் போர்ட் வந்திருந்தால். ஒருமுறை நான் அனுப்பிய மெசின் ஆறு கிழமை கழித்து, திறந்து பார்க்காத மாதிரி அப்படியே திரும்பி வந்தது. எந்தக் கடை என்று எழுத மாட்டேன்.

அதனால் என் வழி: பட்டறைக்குள் நிரந்தரமாக ஓடுகிற பிளானர், மரத்தில் தவாளிப்புக் குடைகிற றவுட்டர், வெட்டு வாள் எல்லாம் கறன்டில் ஓடுகிற, பிரஸ் உள்ள மெசின். வீடு வீடாகக் கொண்டுபோகிற ட்றில்லும், திருகாணி இறுக்குகிற இம்பாக்டும் பிரஸ் இல்லாத பற்றறி மெசின். கண்காட்சியில் எல்லாரும் இதற்கு மாறாகத்தான் சொன்னார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சேர்விஸ் சென்டர் இருக்கிறது.

கனடாவில் இருக்கிற மச்சான் மெசின் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமோ? லண்டன் சித்தப்பாவும் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குத்தான் முதல் பதில் எழுதியிருக்க வேண்டும், கேட்காத ஆள் இல்லை.

எங்கள் நாட்டுக் கறன்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து வருகிற வயர் மெசினை இங்கே நேரடியாகச் சொருகினால் ஒரு சத்தம், கொஞ்சப் புகை, அவ்வளவுதான். குறைக்கிற டிரான்ஸ்ஃபோமர் போட்டால் ஓடும், ஆனால் 1500 வாட் வாளுக்கு 2000 வாட்டாவது தாங்குகிற டிரான்ஸ்ஃபோமர் வேண்டும், அது கையால் தூக்கித் திரிகிற சாமான் இல்லை. கைமெசின்களில் இருக்கிற பிரஸ் மோட்டாருக்கு 50, 60 என்பது பிரச்சினை இல்லை. கொம்பிரசர், பெரிய மேசை வாள் மாதிரி பிரஸ் இல்லாமல் நேரே கறன்டில் ஓடுகிற மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: பற்றறி மெசின் என்றால் வெறும் மெசினை அனுப்பட்டும், சார்ஜரை இங்கே 230 வோல்ட்டில் வாங்குவோம். மெசினுக்கு எந்த நாட்டுக் கறன்ட் என்பது தெரியாது, பற்றறியைத்தான் தெரியும். ஆனால் அந்தப் பற்றறி இனம் இங்கே கிடைக்கிறதா என்று முதலே பாருங்கள். மக்கிட்டா, பொஷ், டிவோல்ட் சார்ஜர் தேடினால் எடுக்கலாம். வட அமெரிக்காவில் மட்டும் ஓடுகிற பெயர் என்றால் பற்றறி செத்த அன்றைக்கு மெசினும் செத்தது.

லண்டனில் வீட்டுக் கறன்ட் எங்களைப் போலத்தான், பிளக்கும் அதே மூன்று சதுரக் கால். அதனால் பிரச்சினை இல்லை என்று நினைப்போம், ஆனால் அங்கே கட்டட வேலைத்தளங்களில் பாவிக்கிற மெசின்கள் 110 வோல்ட். மஞ்சள் நிற வட்டப் பிளக் இருக்கும். சைட் வேலை செய்கிற சித்தப்பா நல்ல மனதோடு அனுப்புவது பெரும்பாலும் அதுதான். மஞ்சள் பிளக்கைக் கண்டால் வெட்டி எறிந்துவிட்டுச் சதுரப் பிளக் பூட்டாதீர்கள், எங்கள் பக்கத்தில் ஒருவர் பூட்டினார். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்றால் வோல்ட் சரி, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

பற்றறியைப் பிளேனில் கொண்டுவர விடுவார்களோ?

விடுவார்கள், கைப்பையில். தனிப் பற்றறியைப் பெட்டிக்குள் வைத்துப் போடக் கூடாது. 100 வாட் மணிக்குள் என்றால் பொதுவாகக் கேள்வி இல்லை, 18 வோல்ட் 5 அம்பியர் மணி 90 என்று மேலே பார்த்தோம். 100-க்கு மேல் 160 வரைக்கும் விமானக் கொம்பனியிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும், ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் இல்லை. முனைகளில் டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள். மெசின் மட்டும் பெட்டிக்குள் போகலாம், கைப்பையில் ட்றில்லோடு போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

விரல் பட்டால் நிற்கிற வாள் பார்த்தீங்களோ?

மெசினைப் பார்க்கவில்லை, ஒரு கடையில் திரையில் வீடியோ ஓடியது. சனம் குவிந்து நின்றது அங்கேதான். அமெரிக்காவில் சோஸ்டொப் என்ற பெயரில் வருகிறது. ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் கண்டுபிடித்தார், 2004-இல் முதல் வாள்கள் விற்பனைக்கு வந்தன. அலகில் மிகச் சின்ன மின் சைகை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மரம் கடத்தாது. தோல் பட்டதும் சைகை மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை சுருள்வில்லால் பாய்ந்து அலகின் பல்லுக்குள் இறுகும். 5 மில்லிசெக்கனுக்குள் அலகு நின்று மேசைக்குக் கீழே போய்விடும். சொசேஜ் வைத்துக் காட்டுவார்கள், சொசேஜில் ஒரு கீறல்தான். பிறகு அலகையும் அந்தக் கட்டைப் பெட்டியையும் எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும், விரலோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. 2017-இல் ஜேர்மன் மெசின் கொம்பனி ஃபெஸ்ரூலின் தாய்க் கொம்பனி இதை வாங்கியது. ஐரோப்பாவுக்கு 230 வோல்ட்டில் ஃபெஸ்ரூல் பெயரிலேயே அதே நுட்பத்தோடு ஒரு மேசை வாள் இருக்கிறது.

எங்களுக்குச் சரிவருமா? விலையை விடுங்கள். நாங்கள் வெட்டுகிறதில் பாதி பச்சை மரம், மரக்காலையில் இருந்து ஈரத்தோடு வருகிறது. ஈர மரமும் மின்சாரம் கடத்தும், விரல் என்று நினைத்து அலகை நிறுத்திவிடும். அதற்காக அந்தக் காவலை நிறுத்தி வைத்து வெட்டுகிற வசதியும் மெசினில் இருக்கிறது. எங்கள் பொடியள் முதல் நாளே அதை நிறுத்திவிட்டுப் பிறகு ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

இதைவிடக் குறைந்த காசில் செய்யக் கூடியது ஒன்று. உங்கள் மேசை வாளில் அலகுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும், வெட்டின மரம் திரும்ப மூடி அலகைப் பிடிக்காமல் அது வைத்திருக்கும். வன்னியில் நான் போன பட்டறைகளில் முக்கால்வாசியில் அது கழற்றி மூலையில் கிடக்கிறது, மேல் மூடியும் அதோடு கிடக்கிறது. மரம் பின்னுக்கு எகிறி வயிற்றில் அடிப்பதும், கை இழுபட்டுப் போவதும் பெரும்பாலும் இந்தத் தகடு இல்லாததால்தான். எனக்கு இடக்கைச் சின்னவிரலின் நுனி இல்லை. அந்தத் தகடு அன்றைக்கு எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்.

மரத்துக்குள் இரும்பு இருப்பதைக் கண்டுபிடிக்கிற மெசின் இருக்கிறது என்றீர்களே?

கண்காட்சி முழுக்கச் சுற்றி, எனக்கு உண்மையில் தேவையானது என்று பட்டது இது ஒன்றுதான், அது ஒரு மூலைக் கடையில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு அடி நீளத் தடி, கையில் பிடித்து மரத்துக்கு மேலால் மெதுவாக இழுத்தால் இரும்பு உள்ள இடத்தில் கீச்சிடும். வெளிநாட்டில் பழைய வீடு உடைத்த பலகையில் ஆணி தேடத்தான் செய்தார்கள். கடைக்காரப் பிள்ளை ‘இது இங்க ஓடாது அண்ணை, ஒருத்தரும் கேட்கிறதில்லை’ என்றாள். வன்னியில் இருந்து வருகிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே விலையைக் குறைத்தாள்.

வெளியூர்க்காரருக்காக இதைச் சொல்ல வேண்டும். 2009-இல் யுத்தம் முடிவதற்கு முன்னம் இங்கே நின்ற மரம் என்றால், முக்கியமாகக் கிளிநொச்சிக்குக் கிழக்கே புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் நின்ற மரம் என்றால், உள்ளே எறிகணைத் துண்டோ துப்பாக்கி ரவையோ இருக்கலாம். மரம் செத்துப்போகாது. காயத்தை மூடி வளர்ந்துகொண்டே போகும், பத்துப் பதினைந்து வருசத்தில் வெளியே பட்டை வடிவாக இருக்கும், இரும்பு நாலு விரல் ஆழத்தில் இருக்கும். வேம்பு, பூவரசு, மா, எதிலும் வரலாம். சில மரக்காலைகள் சில இடத்து மரம் என்றாலே அரிய ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். கோபித்துப் பயனில்லை, அவர்களின் பட்டி வாள் (வளையமாகச் சுற்றுகிற நீள அலகு) ஒன்று அறுந்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து.

என் பட்டறையில் ஒரு வேப்பம் பலகையில் வட்ட வாளின் மூன்று பல் பறந்தது. பல்லின் நுனி கார்பைட், கல்லு மாதிரிக் கடினம், ஆனால் இரும்பில் அடிபட்டால் கண்ணாடி மாதிரி உடையும். ஒரு துண்டு கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, மழைக்கு அதற்குக் கீழே வாளி வைக்கிறோம்.

தடியின் குறை என்னவென்றால் மேற்பக்கத்தில் இருந்து சில சென்ரிமீற்றருக்குள் இருப்பதைத்தான் காட்டும். தடித்த குற்றிக்குள் நடுவில் இருப்பது தெரியாது. அதனால் நான் நாலு பக்கமும் இழுத்துப் பார்க்கிறேன், முதல் கிழிப்புக்குப் பிறகு திரும்பவும் பார்க்கிறேன். கண்ணாலும் பார்க்கலாம்: மரத்தின் துவர்ப்புச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கருநீலமாகக் கறை பிடிக்கும். பலகையின் நுனியில் மை ஊற்றின மாதிரிக் கருங்கோடு தெரிந்தால் அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ இரும்பு இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனமாக வாசியுங்கள். தடி கீச்சிட்ட இடத்தை உளியால் தோண்டிப் பார்க்கிறபோது சப்பட்டையான துண்டு இல்லாமல் உருண்டையாக, முழுதாக ஏதாவது தெரிந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். ஆட்களை விலத்திவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். ஒரு பலகைக்காக அடிபடாதீர்கள்.

சி.என்.சி மெசின் போட்டால் கதவு வியாபாரம் ஓடுமோ?

ஓடும், ஓடிக்கொண்டும் இருக்கிறது. நாலுக்கு எட்டு அடி மேசை, மேலே 24,000 சுற்று வரைக்கும் ஓடுகிற மோட்டார், கொம்பியூட்டரில் படம் கொடுத்தால் அதுவே குடைந்து தள்ளும். கண்காட்சியில் ஒரு கடையில் மூன்று மணித்தியாலத்தில் கதவு முழுக்கக் கஜலட்சுமி வந்தது. பார்க்க வடிவுதான்.

ஆனால் அந்தக் கஜலட்சுமியை நான் வவுனியாவில் இரண்டு வீட்டில், மாங்குளத்தில் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அதே யானை, அதே தும்பிக்கை வளைவு. எல்லாரும் ஒரே பென் டிரைவைக் கைமாற்றிக்கொண்டு இருக்கிறார்கள். கோயில் வாகனம் செய்கிற ஒரு ஐயா என்னோடு வந்திருந்தார். யானையின் கண்ணைப் பார்த்துவிட்டு ‘இது நித்திரை கொள்ளுது தம்பி’ என்று மட்டும் சொன்னார். வாங்குகிறவர்கள் வரைபடம் கீறுகிற ஒரு பிள்ளையையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் விலைப் போட்டிதான் மிஞ்சும்.

இன்னொரு சிக்கல் கறன்ட். பாதிக் குடைதலில் கறன்ட் போனால் மெசின் தன் இடத்தை மறந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் யு.பி.எஸ் போட்டால் அது ஞாபகம் வைத்திருக்கும், மோட்டார் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். விற்கிறவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். மோட்டார் மூன்று பேஸா ஒரு பேஸா என்பதையும் கேளுங்கள், மூன்று பேஸ் இணைப்பு எடுக்கிற செலவு மெசின் விலையில் இல்லை.

தூசி உறிஞ்சுகிற மெசின் தேவையோ? நாங்கள் இவ்வளவு காலமும் இல்லாமல்தானே வேலை செய்தோம்?

செய்தோம், இருமிக்கொண்டும் இருக்கிறோம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995-இலேயே முதல் வகையில் போட்டுவிட்டது, மூக்குக்குள்ளும் அதைச் சுற்றியும் வருகிற புற்றுநோய். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து கடிக்கும், என் தம்பிக்கு முதிரை இழைத்த அன்றைக்குக் கண் இமை வீங்கும்.

கண்காட்சியில் இருந்த நல்ல உறிஞ்சிகளில் எல், எம், எச் என்று மூன்று தரம். எம் என்றால் உள்ளே போன நுண்தூளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விடாது. மரத்தூளுக்கு ஐரோப்பாவில் கேட்பது அது. விலை கடி. முடியாதவர்கள் மரம் தேய்க்கிற சாண்டருக்கும் றவுட்டருக்கும் மட்டுமாவது ஒரு சாதாரண உறிஞ்சியைப் பூட்டி, முகத்துக்கு என் 95 மாஸ்க் போடுங்கள். சாரத்துண்டை மூக்கில் கட்டுவது தும்மலுக்குக் காணும், அதுக்கு மேலே ஒன்றும் இல்லை.

பலகைக்குள் நாக்குப் போட்டுப் பொருத்துகிற அந்த மெசின்? தண்டவாளத்தில் ஓடுகிற வாள்?

முதலாவது டொமினோ. அலகு சுற்றிக்கொண்டே இடமும் வலமும் ஆடி நீள்வட்டத் துளை போடும், அதற்குள் தயாராக வருகிற மரத் துண்டைப் பசையோடு செருகுகிறோம். அலுமாரி, கதிரை, மேசைக்கு அருமை. சின்ன மெசினில் 10 மில்லிமீற்றர் தடிப்பு வரைக்கும், பெரியதில் 14 மில்லிமீற்றர் தடிப்பில் 140 மில்லிமீற்றர் நீளம் வரைக்கும் போடலாம். பாலை நிலைக்கு நான் அதை நம்ப மாட்டேன். நிலைக்குச் சட்டத்தையே வெட்டி நாக்கு எடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

தண்டவாள வாள், பான்ட்ரி வேலை செய்கிறவர்கள் கட்டாயம் பாருங்கள். மெலமைன் பலகையை ஓரம் பிய்யாமல் நேராக வெட்டும், எட்டு அடிப் பலகையை இரண்டு பேர் தூக்கி மேசை வாளில் தள்ளுகிற சோலி இல்லை. நிலை, கதவு மட்டும் செய்கிறவருக்குத் தேவையில்லை.

புதிய வீட்டு வேலைத்தளத்தில் மெசின் திணறுகிறது, கண்காட்சியில் நன்றாக ஓடியதே?

வயரைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இருந்து 50 மீற்றர் இழுத்திருப்பீர்கள், போகவும் வரவும் 100 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் என்றால் 10 அம்பியர் இழுக்கிறபோது 12 வோல்ட் வயரிலேயே போய்விடும். கடையில் மலிவாகத் தருகிற 0.75 வயர் என்றால் 24 வோல்ட். வீட்டில் வருகிறதே 210 என்றால் மெசினுக்குக் கிடைப்பது 186. வயரைச் சுருட்டியபடியே பாவித்தால் சூட்டில் உருகி ஒட்டும், அதையும் பார்த்திருக்கிறேன். 2.5 வயர் வாங்குங்கள், முழுக்க விரித்துவிட்டுப் பாவியுங்கள்.

கள்ள மெசினை எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கிப் பாருங்கள். நல்லதுக்குப் பாரம் இருக்கும். வயர் தடித்த றப்பராக இருக்கும், தொடர் இலக்கம் பெட்டியிலும் மெசினிலும் ஒன்றாக இருக்கும். பாதி விலைக்கு மக்கிட்டா தருகிறேன் என்றால் அது மக்கிட்டா இல்லை. அந்தப் பாதி விலைக்கு, தன் சொந்தப் பெயரில் வருகிற சீன மெசின் எவ்வளவோ மேல், அதற்குப் பிரஸும் கிடைக்கும், கேட்க ஒரு ஆளும் இருப்பார்.

மகன் ஓ.எல் முடித்துவிட்டு நிற்கிறான். மெசின் வாங்கிக் கொடுத்துப் பட்டறையில் விடலாமோ அண்ணை?

மெசின் பிறகு. முதல் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் மரவேலைப் பாடநெறி இருக்கிறதா என்று விசாரியுங்கள், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் மூன்றாம் மட்டம், நாலாம் மட்டம் என்று எடுக்கலாம். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் அந்தத் தாள்தான் கதைக்கும். எங்களைப் போல அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பழகினால் வேலை வரும், தாள் வராது.

நீங்கள் கடைசியில் என்ன வாங்கினீங்கள்?

இரும்பு தேடுகிற தடி ஒன்று. 24 பல் அலகு மூன்று. இரண்டு பெட்டி மாஸ்க். பிரஸ் ஆறு சோடி. மனிசி பையைத் திறந்து பார்த்துவிட்டு ‘இதுக்கோ கொழும்புக்குப் போனனீங்கள்?’ என்று கேட்டாள்.

அந்தத் தடியை ஒரு நாளைக்கு இரவல் தருவீங்களோ?

தருவேன். காலையில் எடுத்து, பின்னேரம் ஆறு மணிக்குள் கொண்டுவந்து தர வேண்டும். 9 வோல்ட் பற்றறி உங்களுடையது. போன கிழமை கொண்டுபோனவர் என் பற்றறியையும் முடித்து, தடியையும் மழையில் வைத்து எடுத்தார், அவருக்கு இனி இல்லை.